படத்தில் என்ன தெரிகிறது

செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை மாடியில் டாரோ என்ற படச் சீட்டுகளை வைத்துக் குறி சொல்லும் பெண்மணியை ஒரே ஒருமுறை சந்தித்தேன். பாதி நரைத்த கூந்தல், தடித்த கண்ணாடி. சீட்டைத் திருப்பியதும் அவர் பலன் சொல்லமாட்டார். படத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் நம்மையே சொல்லச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"என் மகன் திரும்பி வருவானாம்மா?"

"அத அவருதாங்க சொல்லணும். உங்களப் பத்தி கேளுங்க சார்."

"சரி, நான் என்ன செய்யணும்?"

ஒரு சீட்டைத் திருப்பினார். படத்தில், அடுக்கிய கோப்பைகளை விட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடி ஒருவன் மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"என்ன தெரியுது?"

"போறான். நான்தான் போடான்னு துரத்தினேன். வேற சாதிப் பொண்ணக் கட்டிக்கிட்டான்னு."

அவனே கோபித்துக்கொண்டு போனான் என்றுதான் ஏழு வருடமாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"பலன் சொல்லலியேம்மா?"

"புக்குல ஏதோ போட்டிருக்கு, அது எதுக்குங்க? என்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லுங்க."

"போன எடுக்கலன்னா?"

"மறுபடியும் போடுங்க. என்னா அவசரம் உங்களுக்கு?"

மறுநாள் மகன் போனை எடுத்தான். தப்பு என்னுடையது என்றேன். "பாப்பாவுக்கு அஞ்சு வயசாவுதுப்பா" என்றான்.

முன்பின் தெரியாத அந்தப் பெண்மணியிடம் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை, பெற்ற மகனிடம் ஏன் ஏழு வருடம் வரவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.