கடைசியாகக் கை வைத்தவர்

பல வருடமாக என் காரைப் பார்த்துவரும் மெக்கானிக்கை, அவருடைய பட்டறையிலேயே, வாடிக்கையாளர் முன்னிலையில் நான் திருடன் என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. படித்தவன் அல்லவா, அதே பொருள் வரும்படி ஒரு நீண்ட வாக்கியமாகச் சொன்னேன்.

என்னுடையது கார்புரேட்டர் காலத்துக் கார். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அவர்தான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டித் தந்தார். பூஜைக்கு மறுநாள் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். பத்து நிமிடம் சமர்த்தாக ஓடும். பிறகு இரண்டு விக்கல், ஒரு குலுக்கல், அமைதி. கால் மணி நேரம் ஓரங்கட்டி நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். பக்கத்துக் கிராமமான கூரம் போய்த் திரும்புவதற்குள் நான்கு இடத்தில் நின்றது. நான்கு இடத்திலும் யாராவது வந்து, "பெட்ரோல் இருக்குதா சார்?" என்று கேட்டார்கள்.

காரணத்தை நானே கண்டுபிடிக்க இறங்கினேன். இரண்டு நாள் கைபேசியில் வீடியோ பார்த்தேன். பிளக்கைக் கழற்றி, முறைத்துப் பார்த்து, திரும்ப மாட்டினேன். இன்ஜினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பதுவரை சரியாகவே வந்துவிட்டேன். அங்கிருந்து, மெக்கானிக் நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு ஏதோ பழசைப் போட்டுவிட்டார் என்ற முடிவுக்குத் தாவ ஒரு காபி குடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

"அவர கேளுங்க, போதும். குத்தம் சொல்லிடாதீங்க," என்றாள் மனைவி.

பிள்ளையார்பாளையத்துப் பட்டறைக்கு நான் போனபோது அவர் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர், சின்ன காஞ்சிபுரத்து அர்ச்சகர், பக்கத்தில் நின்றிருந்தார். "சுத்தம் பண்ணக் கொடுத்த பொருள் கொடுத்தபடியேதான் திரும்பி வந்ததான்னு எனக்கு ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்து, விடாமல் பேசினேன். நடுவில் அர்ச்சகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அப்பறமா வரேன்பா," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை மெக்கானிக் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்ல தறி சார். இழை அறுந்துக்கினே இருந்தா மொதல்ல கேக்கறது, கடைசியா யாரு கை வெச்சதுன்னுதான்."

"நீங்கதான்!" என்றேன், வழக்கில் ஜெயித்தவனைப்போல.

"வண்டிய எடுங்க," என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கடைத்தெரு தாண்டியதும் வழக்கம்போல நின்றது. அவர் பானட் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். நெடுநேரம் மூச்சடக்கியிருந்த ஆள் மூச்சு இழுப்பதுபோல டேங்க் 'உஸ்ஸ்' என்றது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

கிளம்பியது. நிற்கவே இல்லை. மூடியை என் ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். அதன் நடுவில் காய்ந்த சந்தனம், பெரிய வட்டமாக. அதன் மேல் குங்குமம்.

"பெட்ரோல் குறைய குறைய உள்ள காத்து போவணும் சார். அதுக்குத்தான் மூடியில இத்தினூண்டு ஓட்டை. அத்த அடைச்சிட்டா டேங்க்கு பெட்ரோல கீழ வுடாது. கொஞ்ச நேரம் நின்னு, காத்து மெதுவா உள்ள கசிஞ்சா திரும்ப ஓடும். யாரு வெச்சது இது?"

பூஜையன்று முன்விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அளவாகப் பொட்டு வைத்தவள் மனைவி. வண்டிக்குச் சோறு போகும் வாயாயிற்றே என்று பெட்ரோல் மூடிக்குத் தாராளமாக அப்பியவன் நான்.

அவர் ஓர் ஊக்கால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். "நல்ல சந்தனம் சார். கெட்டியா புடிச்சிக்கினு இருக்குது," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அது காருக்குள், இருவர் மட்டும் இருக்கையில். பழி சொன்னது வாடிக்கையாளர் முன்னால். அந்தக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை அர்ச்சகர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சந்தனம் உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டு அவரிடம் வண்டி கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

அர்ச்சகர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"வண்டி அங்கேயேதானே இருக்கு! நீங்க சொன்னதை யார் காதுல வாங்கினா சார்? ஆரம்பிச்சா லேசில நிறுத்த மாட்டேள், எனக்கோ நடை திறக்க நாழியாயிடுத்து. அதான் கிளம்பினேன்."