வாசனை எடுத்த பூண்டு

மெல்பர்னில் பூண்டுக்கு வாசனை கிடையாது. காய்கறிக் கடைப் பூண்டைச் சொல்லவில்லை. மருந்துக்கடை அலமாரியில், வைட்டமின்களுக்குப் பக்கத்தில், பழுப்புப் புட்டியில் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். வாசனையை எடுத்துவிட்டோம் என்று லேபிளில் பெருமையாகப் போட்டு, அதற்காகவே விலையையும் கூட்டி வைத்திருப்பார்கள். பூண்டுக் குழம்பு கொதித்தால் தெருவுக்கே பசிக்கிற செஞ்சியில் வளர்ந்தவனுக்கு முதலில் அது சிரிப்பாக இருந்தது. பிறகு நானே வாங்கினேன்.

நைனாவுக்காக வாங்கினேன். செஞ்சி–திண்டிவனம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுபெற்றதும் பிரஷர் வந்தது. மாதாமாதம் நர்ஸ் வீட்டுக்கே வந்து அரசு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். மகன் வெளிநாட்டில் இருக்க, நைனா இனாம் மாத்திரை சாப்பிடுகிறாரே என்பது என்னை உறுத்தியது. உண்மையைச் சொன்னால், அந்த உறுத்தலுக்குத்தான் மருந்து வாங்கினேன்.

அப்பாவின் பிரஷருக்கு என்றதும் கடையில் இருந்த பெண், "இஸ் ஹீ ஆன் எனிதிங்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குடியா, கஞ்சாவா என்று விசாரிக்கிறாள் என நினைத்து, எங்கள் நைனா வெற்றிலைகூடப் போடாதவர் என்று விறைப்பாகச் சொன்னேன். அவள் குழம்பிப்போய்ச் சிரித்து, புட்டிகளைப் பையில் போட்டுக் கொடுத்தாள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றுதான் கேட்டிருக்கிறாள். அது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஊருக்குப் போன நண்பனிடம் கொடுத்தனுப்பினேன். போனில் அம்மா, "இன்னாத்துக்குடா இது?" என்றாள்.

"பிரஷருக்குத்தாம்மா. பூண்டுதான், ஒண்ணும் பண்ணாது."

பழைய மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரே நோய்க்கு இரண்டு மாத்திரை போட்டால் உடம்பு சூடாகிவிடும். ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் எதை நிறுத்துவார்கள்? மகன் அனுப்பியதையா? என்னைப்போல் பெட்டியில் மருந்து கொடுத்தனுப்புகிறவர்கள் இதைப் படித்தால், அங்கே ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நாலு மாதத்தில் நைனா கொல்லையில் விழுந்தார். டிக்கெட் கிழித்த வலது கை விளங்காமல் போனது. "வல்லம் எறங்கு" என்று பஸ் முழுக்கக் கேட்ட குரல் குழறியது. பதறிக்கொண்டு போய் இறங்கினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரைய எப்ப நிறுத்துனாரு?" என்பது. வீட்டுக்கு வந்து, மாத்திரை வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அரசு மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. "ரெண்டும் போட்டா சூடுன்னு உன் நைனாதான்டா..." என்று இழுத்தாள் அம்மா. நான் அவளைத் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தே திட்டினேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. தினமும் வீடியோவில் நைனா மாத்திரை போடுவதைப் பார்க்கிறேன். அட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்தால் இடது கையால் தள்ளிவிடுகிறார். மகன் அனுப்பியதுதான் வேண்டுமாம். அதனால் அம்மா அரசு மாத்திரைகளைப் பிரித்து அந்தப் பழுப்புப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். நேற்று நைனா ஒன்றை உள்ளங்கையில் வைத்து, "சின்னதா ஆயிட்டுதே" என்றார்.

"புதுசா அனுப்பிக்கிறான், போடு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

விழுங்கிவிட்டு நைனா போனைப் பார்த்தார். "உன் மாத்திரதான்டா... நல்லா கேக்குது."

புட்டியின் லேபிள் இந்த ஊருடையது, உள்ளே இருப்பது அந்த ஊருடையது. "சரி நைனா" என்றேன்.