வெர்லன் டிபெட்ஸ் அளந்த நாற்பது கெஜம்

வெர்லன் டிபெட்ஸ் ஒரு கல்லூரிக்குள் நுழைந்தால் முதலில் பயிற்சியாளரைப் பார்க்க மாட்டார். நேரே சமையல்கட்டுக்குத்தான் போவார். பயிற்சியாளர் தன் ஆட்டக்காரனைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார்? தங்கம் என்பார், சிங்கம் என்பார். தட்டை எவன் எடுத்து வைக்கிறான், எவன் மேஜையிலேயே போட்டுவிட்டுப் போகிறான், தோற்ற மறுநாள் எவன் சாப்பிட வரவில்லை என்பதெல்லாம் சோறு போடுகிறவளுக்குத்தான் தெரியும். அடுத்து அழுக்குத் துணி துவைக்கிறவர். அதற்கடுத்து காலுக்குக் கட்டுப் போடுகிறவர். இவர்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பயிற்சியாளரின் அறைக் கதவைத் தட்டுவார்.

இருபத்தாறு வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு. கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற அந்த அமெரிக்கக் கால்பந்தில், வடக்கே ஒரு பெரிய அணிக்கு ஆள் பார்த்துச் சொல்கிற வேலை. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் என்று மூன்று நாள் நடக்கும். முப்பத்திரண்டு அணிகளும் வரிசை வைத்து, ஏழு சுற்றாக, கல்லூரி முடிக்கிற ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று நாளில் பெயர் வாசிக்கப்பட்டவனுக்கு வாழ்வு. அந்த மூன்று நாளுக்காக வெர்லன் மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் லூசியானாவிலும் வருஷம் முழுக்க வண்டி ஓட்டுவார். வழியில் பெட்ரோல் பங்கில் அவித்த கடலை ஒரு பொட்டலம், அதுதான் பாதி நாள் சாப்பாடு. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர்கள்கூட இத்தனை நோண்ட மாட்டார்கள். உள்ளங்கை எத்தனை அங்குலம், பழைய காயம் எது, அம்மாவோடு எப்படிப் பேசுகிறான், எல்லாம் அவர் நோட்டில் இருக்கும்.

அவர் அறிக்கைகளும் ஒரு தினுசுதான். மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுதுகிற இடத்தில் அவர் இரண்டு வரி எழுதுவார். 'பலசாலி. அடி வாங்கினால் திரும்பி வரமாட்டான். வேண்டாம்.' அவ்வளவுதான். வேண்டாம் என்று அவர் எழுதிய எவனும் பிற்பாடு பெரிய ஆளாகி அவர் முகத்தில் கரி பூசியதில்லை. அந்தத் திமிர் அவருக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சம்பாதித்த திமிர்தானே!

அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஹாலோவே கல்லூரியில் சோதனை நாள். மிசிசிப்பி டெல்டாவில், பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கல்லூரி. பதினோரு அணிகளின் ஆட்கள் வந்திருந்தார்கள். வந்தது ஒரே ஒருவனைப் பார்க்க. ஜவான்டே மோஸ்பி. எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவனைப் பின்னாலேயே விரட்டித் தடுக்கிற இடம் அவனுடையது. அந்த இடத்துக்கு எல்லாமே வேகம்தான்.

இப்படிப்பட்ட நாட்களில் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் உயரம், ஒருவர் எடை, ஒருவர் கை நீளம். அளவை எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். நாற்பது கெஜ ஓட்டத்துக்குத் தூரம் அளந்து கோடு போடுவது மட்டும் வேறு யாரும் தொடாத வேலை. அது வெர்லனுடையது. அவரிடம் நூற்றைம்பது அடி இரும்பு டேப் இருந்தது. மைதானத்துக் கோட்டை நம்பாமல் தன் டேப்பை விரித்துத் தானே அளப்பார். "வெர்லன் அளந்தாச்சா? அப்ப சரி" என்று எல்லோரும் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு கடைசிக் கோட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பழைய டேப்பின் முதல் மூன்றடி பதினோரு வருஷத்துக்கு முன்னால் வண்டிச் சக்கரம் ஏறி ஒடிந்துபோனது. தூக்கிப்போட மனசில்லை. மூன்றாம் அடியிலிருந்து ஆரம்பித்து, நூற்று இருபது அடிக்குப் பதில் நூற்று இருபத்து மூன்றில் கோடு போடுவார். பதினோரு வருஷம் அதே நூற்று இருபத்து மூன்று. அந்த ஜனவரியில் டேப் துருவேறிச் சுருள மறுத்ததும், புதிதாக ஒன்று வாங்கினார். அதை முதன்முதலாக விரித்தது ஹாலோவேயில்தான்.

ஜவான்டே ஓடினான். பதினோரு ஸ்டாப்வாட்ச்சும் ஏறக்குறைய ஒரே கணக்கைக் காட்டின. அவன் ஆடுகிற இடத்துக்கு நாலரை விநாடிக்குள் ஓட வேண்டும்; வந்தது நாலு புள்ளி ஐந்து ஏழு விநாடி. பெரிய கல்லூரிப் பிள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். சின்னக் கல்லூரியிலிருந்து வருகிறவனுக்கு அது சாவு மணி. லூசியானாக்காரர் ஆர்சினோ, இன்னொரு அணிக்கு ஆள் பார்க்கிறவர், வெர்லனோடு இருபது வருஷமாகச் சண்டையும் சாப்பாடுமாக இருப்பவர், நோட்டை மூடினார்.

"போச்சுய்யா. நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்ததுக்கு மீன் வறுவல்தான் மிச்சம்."

"ஆட்டத்துல இப்படி ஓடலையே இவன்" என்றார் வெர்லன்.

"ஆட்டத்துல எல்லாரும்தான் ஓடுறாங்க. கடிகாரம் பொய் சொல்லுமா?"

வெர்லன் வீட்டுக்கு வந்து பழைய ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, பத்து நாள். நவம்பரில் ஓர் ஆட்டம். எதிரணியில் ஒருவன் பந்தோடு தப்பித்து ஓடுகிறான். அவன் ஓட்டப்பந்தயத்தில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவன். ஜவான்டே ஐந்து கெஜம் பின்னால் இருந்து கிளம்பி, கோட்டுக்கு முன்னால் அவனைப் பிடித்துக் கவிழ்க்கிறான். வெர்லன் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். அவர் மனைவி எர்லீன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டிபெட்ஸ், அந்தப் பையன் எத்தனை தடவை போட்டாலும் அவனைப் பிடிச்சிடுறான். உனக்கு இன்னும் என்ன சந்தேகம்?"

"அதான் எர்லீன் சந்தேகம். நாலு புள்ளி ஐந்து ஏழு ஓடுறவன் அவனைப் பிடிக்கவே முடியாது."

கண் ஒன்று சொல்கிறது, கடிகாரம் ஒன்று சொல்கிறது. வேறு யாராக இருந்தாலும் கடிகாரத்தை நம்பிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். வெர்லன் மறுநாள் காலையில் வண்டியை எடுத்தார். ஹாலோவே மைதானத்தில் அவர் தெளித்த வெள்ளைச் சாயம் இன்னும் அழியாமல் இருந்தது. ஆரம்பக் கோட்டில் டேப்பின் நுனியை வைத்து விரித்துக்கொண்டே போனார். முடிவுக் கோட்டில் குனிந்து படித்தார். நூற்று இருபத்து மூன்று.

புது டேப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கை மட்டும் பழக்கத்தில் பழைய எண்ணுக்கே போயிருக்கிறது. அன்றைக்கு அத்தனை பேரும் ஓடியது நாற்பத்தோரு கெஜம். ஒரு கெஜம் என்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்குதான் அந்தப் பிள்ளையைக் கவிழ்த்துவிட்டது. ஊரில் யாரை நம்பாமல் போனாலும் வெர்லன் போட்ட கோட்டை நம்புவார்கள். அந்தக் கோடே தப்பு.

அங்கேயே நின்று தன் அணியின் தலைமை மேலாளர் ஹாலரனுக்குப் போன் போட்டார். ஹாலரனுக்கு வெர்லனைவிட இருபது வயது குறைவு. விஷயத்தைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வெர்லன், நீங்க கில்லாடி! இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. மறுபடி ஓட வைக்கணும்னா இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. அதுக்கப்புறம் விதிப்படி முடியாது."

"எதுக்கு மறுபடி ஓடணும்? வாயைத் திறக்காதீங்க. மத்தவன் எல்லாம் பேரை அடிச்சிட்டான். இரண்டாவது சுற்றுல எடுக்க வேண்டியவனை நாம ஏழாவது சுற்றுல சும்மா தூக்கிடலாம்."

"அந்தப் பையன் கதி?"

"நம்மகிட்டதானே வரப்போறான்? நல்லா இருப்பான். மே மாசம் உங்க ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கட்டும். நானும் நல்ல சேதி சொல்லணும்னு பார்க்கிறேன்."

வெர்லனுக்கு அறுபத்து மூன்று வயது. இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. ஹாலரன் சொன்னதிலும் தப்பில்லை. இந்தத் தொழிலில் ஒருவன் கண்டதை இன்னொருவனுக்குச் சொல்வது துரோகம். அவரே எத்தனை ரகசியத்தை மூடி மூடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்! ஆனால் அதெல்லாம் அவர் கண்டுபிடித்தது. இது அவர் செய்தது. மீதி அணிகள் ஏமாந்தது அவர்களுடைய சோம்பேறித்தனத்தால் இல்லை, அவரை நம்பியதால். ஏழாவது சுற்றுக்கு வருபவனை முதல் தடுமாற்றத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப் போனவர்களின் பட்டியல் அவர் நோட்டிலேயே நீளமாக இருந்தது.

பேசாமல் போய்விடலாம் என்றுதான் வண்டிப் பக்கம் நடந்தார். சமையல்கட்டைத் தாண்டும்போது மிஸ் ஒடெஸ்ஸா கூப்பிட்டாள். முப்பது வருஷமாக அங்கே சமைக்கிறவள்.

"என்ன கண்ணு, ஒரு வாய் சாப்பிடாம ஓடுறே? வா, கெளுத்தி மீன் வறுத்திருக்கேன்."

உட்கார்ந்தார். தட்டு வந்தது. பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது. "ஜவான்டே எப்படி இருக்கான்?"

"எங்க வரான் அவன்! பத்து நாளா இந்தப் பக்கம் தலையே காட்டலை. ஓடுற ஷூவைக்கூட யாருக்கோ குடுத்துட்டானாம். மாமன் கூட மீன் பண்ணைக்கு வேலைக்குப் போறேங்கறான். நீங்க எல்லாம் வந்து என்ன மந்திரம் போட்டீங்களோ தெரியலை, பிள்ளை வத்திப் போயிட்டான்."

வெர்லன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, மீன் பண்ணைக்கு வழி கேட்டார்.

ஜவான்டே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குளத்தங்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வெர்லன் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அன்னிக்கு நீ ஓடினது நாற்பத்தோரு கெஜம். கோடு போட்டது நான். தப்பு என்னோடது."

அவன் கத்தினான்.

"பத்து நாள் சார்! பத்து நாளா நான் மெதுவா ஓடுறவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சின்ன வயசுலருந்து எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். எங்கம்மாகிட்ட போய், 'என் கால் அவ்வளவுதாம்மா, விட்டுடு'ன்னு சொல்லிட்டேன். அவங்க அழுததுக்கு என்ன சார் பதில் சொல்லப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை மறுபடி ஓடு. எல்லாரையும் வரவைக்கிறேன்."

"வருவாங்களா?"

"என்னைப் பார்த்துச் சிரிக்கிறதுக்காவது வருவாங்க."

அப்படியேதான் ஆயிற்று. பண்ணை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டார். பத்து தடவை அதே கதை, பத்து தடவை அதே அவமானம். டேப் உடைந்த கதையைச் சொல்லும்போது மறுமுனையில் சிரிப்பு கேட்கும். ஆர்சினோ மட்டும் சிரிக்கவில்லை.

"உன் ஆளுங்களுக்குத் தெரியுமாய்யா, நீ எனக்குப் போன் போடுறது?"

"போடாதேன்னு சொல்லியிருக்காங்க."

"அட முட்டாப்பயலே" என்றார் ஆர்சினோ. சொன்ன குரலில் திட்டு இல்லை. "வர்றேன். ஆனா அளக்கிறது நான். நீ டேப்பைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

வெள்ளிக்கிழமை பத்தொன்பது அணிகளின் ஆட்கள் நின்றார்கள். செய்தி பரவி, முதலில் வராதவர்களும் வந்துவிட்டார்கள். வெர்லன் ஓரமாக, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆர்சினோ இரண்டு தடவை அளந்தார். ஒருவர், "வெர்லன், நாப்பதுக்கு அப்புறம் என்ன எண்ணு வரும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வெர்லனும் சிரித்து வைத்தார். ஜவான்டே குனிந்து, கையை ஊன்றி, கிளம்பினான். நாலு புள்ளி நாலு ஆறு. சிரிப்பு நின்றுபோய், ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்து நடந்தார்கள். அப்படி நடக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று வெர்லனுக்குத் தெரியும். அவருடைய அணிக்கு அவன் இனிக் கிடைப்பது கஷ்டம்.

டிராஃப்டின் இரண்டாம் நாள் சாயங்காலம் வெர்லனும் எர்லீனும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவர் அணியின் முறை அறுபத்தோராவது. ஐம்பத்தெட்டாவதாக வேறோர் அணி, அதுவும் அவர்களுடைய பரம எதிரி, ஜவான்டே மோஸ்பியின் பெயரை வாசித்தது. எர்லீன் கை தட்டினாள். போன் அடித்தது.

"மூணு இடம், வெர்லன்" என்றார் ஹாலரன். "நமக்கு மூணே மூணு இடம் முன்னால. உங்க அறிக்கையைப் படிச்சுத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். 'கடிகாரத்தை நம்பாதே, எடு'ன்னு எழுதியிருந்தீங்க. நீங்க சொன்னது சரி. அதுதான் எரியுது."

"தெரியும்."

"மே மாசத்தோட முடிச்சுக்கலாம்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் வெர்லன். எர்லீன் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அவர் தோளில் கை வைத்தாள்.

டிவியில் ஜவான்டேயின் வீட்டைக் காட்டினார்கள். சின்னக் கூடத்தில் ஊரே கூடிக் கூச்சல் போட்டது. வர்ணனையாளர் குரல் குறுக்கே வந்தது. "இந்தப் பையன் கதை வேடிக்கையானது. முதல்ல இவன் ரொம்ப மெதுவானவன்னு எல்லாரும் ஒதுக்கிட்டாங்க. பார்த்தா, யாரோ ஒரு வயசான ஆள் டேப்பை வெச்சுத் தப்பா அளந்துட்டாராம்!" கூட இருந்த வர்ணனையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எர்லீனுக்கு ரத்தம் கொதித்தது. "இருபத்தாறு வருஷம் உழைச்ச மனுஷனை இப்படியா சொல்றது! பேர்கூடத் தெரியலை பாரு அவனுக்கு" என்று ரிமோட்டைத் தேடினாள்.

"அணைக்காதே, எர்லீன்" என்றார் வெர்லன். அவர் கண் கலங்கியிருந்தது. "அவன் சரியாத்தான் சொல்றான். கொஞ்சம் தள்ளு, பையனோட அம்மாவைக் காட்டுறாங்க."