முதுகு வளைப்பவர்

வார்டு உதவியாளர் வேலையில் அவர் முப்பத்தொரு வருடம் தள்ளுவண்டி தள்ளினார், தட்டு எடுத்தார், விரிப்பு மாற்றினார். ஆனால் டாக்டர்கள் ஆளனுப்பித் தேடியது ஒன்றுக்குத்தான். முதுகில் ஊசி இறக்கி நீர் எடுக்கும்போது நோயாளியை வளைத்துப் பிடிக்க வேண்டும். பிடி சரியாக அமைந்தால் எலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும். இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரருக்கும் ஊசி எலும்பில் முட்டும். நர்சுகள் அவருக்கு 'வில்லு' என்று பேர் வைத்தார்கள்.

"வலி நோயாளிக்கு, பேரு டாக்டருக்கு, இடுப்புப் பிடிப்பு எனக்கு," என்பார்.

அவருடைய மகள் வேலை பார்த்த நிறுவனம் டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி தயாரித்தது. கணினிக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் மாட்டினால் எதிரே கட்டில் தெரியும், அதில் நோயாளி. கையிலுள்ள கருவி ஊசியாகத் தெரியும். அவருடைய ஆஸ்பத்திரியே அதை வாங்கியது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் மகள் அவருக்கும் மாட்டிவிட்டாள்.

"யாரும்மா பிடிச்சிருக்காங்க?"

"யாருமில்லப்பா. அது அப்படியே வளைஞ்சு கிடக்கும்."

"கிடக்காதே. ஊசி பட்டா துள்ளுவானே."

"பொம்மைப்பா அது."

"டாக்டர் பொம்மைக்கா ஊசி போடப்போறாரு?"

மகள் சிரித்தாள். ஆனாலும் குறித்துக்கொண்டாள். நோயாளி அசைந்தால் தேர்ச்சி பெறுபவர்கள் குறைவார்கள், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் மேலாளர். அவளும் சரி என்றுவிட்டாள். வில்லு ஓய்வு பெற்ற பின் ஆஸ்பத்திரி அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்கே தலைவலி வந்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை, பிறகு காய்ச்சல். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. அது தெரிய முதுகு நீர் வேண்டும்.

அவருடைய பழைய ஆஸ்பத்திரியில் நீர் எடுக்க வந்தவர் இளம் டாக்டர். அந்தக் கண்ணாடிப் பயிற்சியில் தொண்ணூற்றாறு மதிப்பெண். மரியாதையான பையன்.

"பிடிக்க ஆள் வரலையா டாக்டர்?"

"அசையாம இருந்தா போதும் பெரியவரே."

இருக்கத்தான் பார்த்தார். காய்ச்சலில் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. ஊசி எலும்பில் முட்டியது.

"நீ வாம்மா," என்று கதவோரம் நின்ற மகளைக் கூப்பிட்டார். "ஒரு கை கழுத்துக்குப் பின்னால, ஒரு கை முழங்காலுக்கு அடியில. இறுக்கு. உடைஞ்சிட மாட்டேன்."

அவள் பிடித்தாள். அழுதுகொண்டே பிடித்ததால் பிடி நிற்கவில்லை. இரண்டாம் தடவை வெறும் ரத்தம். மூன்றாம் தடவையும் அதுவே.

"பயிற்சியில எப்பவும் முதல் தடவையே வந்துடும்," என்றார் டாக்டர்.

"உங்க தப்பில்ல டாக்டர். விடுங்க."

மகள் தலைநிமிரவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் திங்கட்கிழமை வந்துவிடுவார், அவரே எடுப்பார் என்று சொல்லிவிட்டு இளையவர் கையுறையைக் கழற்றினார். அன்று வியாழன். இந்த நிலையில் வந்தவர்கள் எத்தனை நாள் தாங்கினார்கள் என்பது வில்லுவுக்குத் தெரியும். அவர்களைக் கீழ்த்தளத்துப் பிணவறைக்குத் தள்ளிக்கொண்டு போனவர் அவர்தான்.

கால்களை மெதுவாக நீட்டிக்கொண்டார்.

"ஆபீஸ்ல லீவு சொல்லிட்டியா?"

"திங்கட்கிழமைக்குக் கேட்டிருக்கேன்ப்பா."

"சனிக்கிழமைலேர்ந்து கேளு," என்றார்.