பழையதற்குத் தராசு, புதியதற்கு எண்ணிக்கை

தொண்ணூறுகளின் கடைசியில், கழக்கூட்டம் போகும் சாலையில் ஓர் இரும்புக் கம்பிக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். பொறியியல் முடித்தபின் கிடைத்த முதல் வேலை. வீட்டில் அப்போது வேறு யாருக்கும் சம்பளம் கிடையாது.

முதலாளி அதற்கு முன்பு தம்பானூரில் பங்குத் தரகராக இருந்தவர். இப்போது வணிகர் சங்கம் அவரைத் தொழில் முன்னோடி என்று கௌரவிக்கப் போகிறதாம். அவரிடம் வேலை பார்த்தவள் என்பதால், விழா மலருக்கு அவருடைய சாதனைகளை என்னை எழுதித் தரச் சொன்னார்கள். பட்டியல் போடுவது என் வழக்கம். ஒன்று, தான் தொடாத பங்கை ஊரில் பாதிப் பேர் தலையில் கட்டியவர். இரண்டு, அது விழுவதற்கு முன்பே அலுவலகத்தைப் பூட்டியவர். மூன்று, அதே ஆட்களுக்கு வீடு கட்டக் கம்பி விற்க வந்தவர். அதற்குமேல் எழுதவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

எழுதாமல் விட்டது இது. கிடங்கு வாசலில் பெரிய தராசு ஒன்று உண்டு. பழைய இரும்பை வாங்கும்போது அதில் கிராம் பிசகாமல் நிறுப்பார். புதுக் கம்பியை மட்டும் எண்ணித்தான் விற்பார். பன்னிரண்டு மில்லி கம்பி ஒரு மீட்டருக்கு எண்ணூற்று எண்பத்தெட்டு கிராம் இருக்க வேண்டும். ஒருநாள் வந்திறங்கிய கட்டிலிருந்து ஒரு மீட்டர் வெட்டி நிறுத்தேன். எழுநூற்றைம்பதைத் தாண்டவில்லை.

முதலாளியிடம் சொன்னேன்.

"சாரமில்ல மோளே, விட்டுரு. ஷேரை யாரு கண்ணால கண்டா? இதும் கான்கிரீட்டுக்குள்ள போயாச்சுன்னா யாரு பாக்கப் போறா? நீ சர்டிபிகேட்ல ஒப்பு போடு."

அந்தக் கட்டு விதுராவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடித் தளத்துக்குப் போக வேண்டியது. திருநெல்வேலிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் லாரியில் ஏற்றிவிட்டு என் சான்றிதழுக்காக நின்றார்.

"எம்மா, எண்ணியாச்சு. எல்லாம் சரியா இருக்கு. ஒப்பு போட்டாச்சுன்னா கெளம்பிருவேன்."

"அண்ணாச்சி, ஒரு கம்பியை எடுத்து அந்தத் தராசுல வைங்க."

"அது பழைய இரும்பு நிறுக்கதுல்லா?"

"புதுசும் இரும்புதான்."

வைத்தார். முள்ளைப் பார்த்தார். கம்பியின் நீளத்தைக் கேட்டார். எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பெருக்கிச் சொன்னேன். நேரே முதலாளியின் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "அதுக்கென்ன மேஸ்திரி, நீ நம்ம ஆளுல்லா. உனக்கு வேற கட்டு, நிறுத்தே தாரேன்." பிறகு என்னைப் பார்த்தார். "இன்ஜினியரே, படிச்சதெல்லாம் வீட்ல வச்சுட்டு வரணும்னு யாரும் சொல்லித் தரலியா? நாளைக்கு வராண்டாம்."

கையெழுத்தில்லாத சான்றிதழை மேசைமேல் வைத்தேன். வெளியே வந்தபோது லாரியிலிருந்து இறக்கிய கட்டை ஆட்கள் மறுபடியும் விற்பனை அடுக்கிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது யார் வீட்டுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது.