டீச்சர் வீட்டு மீட்டரில் ஓடிய லைன்

கேபிள் டிவி கரண்டில்தான் ஓடுகிறது. படம் பார்க்கிற யாரும் இதை யோசிப்பதில்லை. வயர் நீள நீள சிக்னல் சோர்ந்துபோகும். அதைத் தட்டியெழுப்ப வழியில் கம்பங்களில் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அவற்றுக்கான கரண்டை ஒரு பவர் பெட்டி அதே வயருக்குள் தள்ளிவிடும். சரி, அந்தப் பெட்டிக்குக் கரண்டு? அங்கேதான் எங்கள் தொழிலின் சாமர்த்தியம். தோதான ஒரு வீட்டுச் சுவரில் பெட்டியை மாட்டி, அந்த வீட்டு பிளக்கிலேயே சொருகிவிடுவோம். ஓடுவது அவர்கள் மீட்டர். பதிலுக்கு அவர்களுக்குக் கேபிள் இலவசம். முறைப்படி எங்கள் பெயரில் தனி மீட்டர் வைக்க வேண்டும். அப்படி வைத்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் ஊர் கருங்கல்லுக்கு மேற்கே எனக்கு மிச்சமிருப்பது ஒரே லைன். அதன் பெட்டி, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டுப் பக்கச் சுவரில் இருக்கிறது. அந்த லைனும் போனால், கம்பம் ஏறுவதைத் தவிர ஒரு எழவும் தெரியாத தொப்பைக்காரன் நான். டீச்சரின் மகன் துபாயிலிருந்து வந்து இன்டர்நெட் போட்டு, சுவர் நிறைய டிவி மாட்டிவிட்டுப் போன பிறகு, என் இலவசத்தை அவர் தொடுவதே இல்லை. ஆனாலும் பிளக்கைப் பிடுங்கவில்லை. அந்தத் தயவில்தான் என் தொழில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை டீச்சரிடமிருந்து போன்.

“மக்கா, கரண்டு ஆபீஸ்ல இருந்து ஆளு வந்திருக்கு. மீட்டர பாத்துட்டு, உனக்க பெட்டியக் காட்டி இது என்னதுன்னு கேக்கான். நான் என்ன சொல்லட்டு?”

வீட்டு மீட்டரில் வியாபாரம். பிடித்தால் அபராதம் டீச்சர் தலையில்.

“இன்வெர்ட்டர்னு சொல்லுங்க டீச்சர்.”

“பொய்யச் சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வச்சிட்டு சபைக்குப் போவேன்?”

ஸ்கூட்டரை விரட்டினேன். பின்பக்கமாகப் புகுந்து, பிளக்கை உருவி, பெட்டியை வயரோடு பிய்த்து, துவைக்கப் போட்டிருந்த துணிக் குவியலுக்குள் புதைத்தேன். ஏற்கெனவே பார்த்துவிட்ட பெட்டியை ஒளித்து என்ன லாபம் என்று யோசிக்கிற அறிவு எனக்குச் சாயங்காலம்தான் வந்தது. தோளில் ஒரு முழம் கேபிள் வயர் தொங்க, அப்பாவி முகத்தோடு முன்பக்கம் போனேன்.

மின்வாரியத்துக்காரர் திண்ணையில் உட்கார்ந்து டீச்சர் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார். என் தோளைப் பார்த்தார்.

“அண்ணே, செவுத்துல பாத்தது கேபிளுக்க பெட்டியா? கேபிளு இப்பமும் ஓடுதா? எங்க பக்கமெல்லாம் எப்பவோ நின்னு போச்சே.”

அவ்வளவுதான். என்ன பெட்டி என்று தெரியாமல் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டு போய்விட்டார். பிடிபட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

பெட்டியைத் திரும்ப மாட்டப் போனால், நான் பிய்த்த வேகத்தில் கனெக்டர் உடைந்திருந்தது. கருங்கல்லில் அது விற்கிற ஒரே கடையும் அன்று அடைப்பு. மறுநாள்வரை லைன் செத்ததுதான்.

சீரியல் நேரம் நெருங்கியது. முன்பெல்லாம் படம் கண் சிமிட்டினாலே வீட்டு வாசலில் ஆள் நிற்கும். கம்பத்தில் தென்னை மட்டை விழுந்தது, குரங்கு கடித்தது என்று பொய்களை வரிசையாகத் தயார் செய்து, போனை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். சீரியல் நேரம் வந்தது. அது முடிந்து செய்தி நேரமும் போனது. போன் கெட்டுவிட்டதோ என்று மனைவியின் போனிலிருந்து என் நம்பரை அடித்தேன். நன்றாகவே மணியடித்தது.

“யாரு விளிக்கது?” என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

“நான்தான்,” என்றேன்.

மறுநாள் கனெக்டர் வாங்கிப் போட்டு பிளக்கைச் சொருகினேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் நின்ற டீச்சரிடம், நேற்று முழுவதும் லைன் இல்லை, ஒருவரும் கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்பம் இது ஆருக்கு மக்கா ஓடுது?”

“பிளக்கு சும்மாத்தானே கிடக்கு டீச்சர்,” என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லைன் வந்துவிட்டது என்று சொல்லவும் யாரும் விளிக்கவில்லை.