பெட்டி இருந்தால் போதும் என்றவர்

செஞ்சி பஜாரில், மருந்தோடு வரும் விளக்கத் தாள்களை இணையத்துக்காக எக்ஸ்எம்எல் கோப்புகளாக மாற்றும் இடத்தில் அவர் எங்கள் சூப்பர்வைசர். வேர்க்கடலையைக்கூட உடைத்துப் பருப்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் போடுவார். கோப்பை மட்டும் படிக்கவே மாட்டார். கட்டாயப் பகுதி விட்டுப்போனால், கோப்பைச் சரிபார்க்கும் ஸ்டைல்ஷீட் சிவப்பு காட்டும், காட்டாவிட்டால் அனுப்பிவிடுவார்.

இது தெரிந்த சிலர், தாள் மங்கலாக இருந்தால் 'எச்சரிக்கை' என்ற டேகை, அதாவது பெயர் ஒட்டிய பெட்டியை, மட்டும் போட்டு உள்ளே காலியாக விட்டார்கள். ஸ்டைல்ஷீட்டும் சிவப்பு காட்டாமல் விட்டுவிட்டது. காலியாக இருந்தாலும் சிவப்பு வரும்படி நான் ஒரு வரி சேர்த்தேன். பாதிக் கோப்புகள் சிவந்தன. அவர் அந்த வரியை அழித்தார்.

"இன்னா சார் இது? எச்சரிக்கை தெரியாம சாப்ட்டுட்டு எவனாவது செத்தா?"

"டேக் இருக்குதும்மா. உனக்கு இன்னா டென்ஷன்?"

சாயங்காலம் ஒரு கோப்போடு மட்டும் என்னிடம் வந்தார். "இதுல இன்னா இருந்துச்சின்னு கேட்டு எழுதும்மா. என் பொண்ணு முழுகாம இருக்குது, இந்த மாத்திரை தான் சாப்புடுது."

மருந்துக் கம்பெனியிடம் நல்ல தாள் கேட்டு வாங்கி எழுதினேன். எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு மற்ற கோப்புகளைக் காலியாகவே அனுப்பிவிட்டார்.

படிக்கத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.